முப்பத்தஞ்சு வயசுக்கு மேல பத்தாவது எழுதப் போறீங்களா, மொதல்ல தேதியைப் பிடிங்க

எங்க லைன் வீட்டுக்குப் புதுசா குடிவந்த பொண்ணு ஒன்னு போன வாரம் தண்ணி பிடிக்கிற இடத்துல நின்னுக்கிட்டு, "அக்கா, நீங்க இந்த வயசுல பத்தாவது பாஸ் பண்ணீங்களாமே, எனக்கும் எழுதணும், எங்க போய் கேக்குறதுன்னே தெரியல"ன்னுச்சு. வருஷத்துக்கு நாலஞ்சு பேராச்சும் இதே கேள்வியைக் கேக்குறாங்க, நானும் வாயால சொல்லிச் சொல்லி ஒவ்வொருத்தர்கிட்டயும் ஏதாவது ஒன்னை விட்டுடுறேன், விட்டது எதுவோ அதுலதான் அவங்க போய் மாட்டிக்கிறாங்க, அதனால ஒருதடவை உக்காந்து முழுசா எழுதிடலாம்னு முடிவு பண்ணிட்டேன்.

நான் யாருன்னா, திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங்ல இருந்தவ, ஒன்பதாவது பாதியில நின்னுட்டேன், முப்பத்தெட்டு வயசுல பள்ளிக்கூடத்துல சேராம தனித்தேர்வரா எழுதி பாஸ் பண்ணேன், அதுவும் ஒரே அடியில இல்ல. மொத வருஷம் தேதி தெரியாம ஒரு வருஷமே போச்சு, அடுத்த வருஷம் கணக்குல 29தான் வாங்கி (பாஸ் மார்க் 35) பெயிலாகி ஜூன்ல மறுபடி எழுதினேன். அதனால இங்க சொல்றது முக்காவாசி நான் அடிபட்டு கத்துக்கிட்டது.

எல்லாரும் பாடம் கஷ்டமா இருக்கும்னுதான் பயப்படுறாங்க, ஆனா நான் பார்த்த வரைக்கும் பாதிப்பேர் பாடத்துல தோத்துப்போகல, சர்டிபிகேட் பேப்பர்லயும் தேதியிலயும்தான் தோத்துப்போறாங்க. அதனால புத்தகம் வாங்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க.

நீங்க எங்க நின்னீங்க?

எட்டாவது பாஸ் ஆகி அதுக்கான டிசி இருக்குன்னா நேரா பத்தாவது எழுதலாம், ஒன்பதாவது படிச்சிருக்கணும்னு அவசியம் இல்ல. குறைஞ்ச வயசு பதினாலரை, மேல வயசு வரம்பே கிடையாது. அறுபது வயசுலயும் எழுதலாம், யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க, கேட்டாலும் பதில் சொல்லத் தேவையில்ல.

அஞ்சாவது ஆறாவதுல நின்னவங்கன்னா மொதல்ல எட்டாவது தனித்தேர்வு எழுதணும், ஈஎஸ்எல்சின்னு சொல்லுவாங்க. அது எழுதாம பத்தாவதுக்குப் போக முடியாது. இதைக் கேட்டதும் நிறைய பேருக்கு முகம் வாடிடும், "எட்டாவதா? இந்த வயசுலயா?"ன்னு. மலையாள நடிகர் இந்திரன்ஸ் தெரியும்ல, அவரும் 2023ல பத்தாவதுக்குச் சமமான படிப்புல சேரப் போனாரு, கேரளாவுல மொதல்ல ஏழாவது முடிக்கணும்னு சொல்லிட்டாங்க, மனுஷன் போய் ஏழாவது எழுதி 2024ல 68 வயசுல பாஸ் பண்ணாரு. அவ்ளோ பெரிய ஆளே உக்காந்து எழுதுறாரு, நமக்கு என்ன.

மூணாவது வகை, அந்தக் காலத்துல பத்தாவது எழுதி ஒன்னு ரெண்டு பாடத்துல போனவங்க. உங்களுக்கு வேலை கம்மி, பாஸ் ஆன பாடம் பாஸ் ஆனதுதான், போன பாடத்தை மட்டும் எழுதினாப் போதும். ஆனா பழைய புத்தகத்தைத் தேடி பரண்ல ஏறாதீங்க, கேள்வி இப்ப இருக்கிற புது புத்தகத்துல இருந்துதான் வரும். பழைய மார்க் ஷீட்டைத் தேடி எடுத்து வைங்க, அதுல இருக்கிற ரெஜிஸ்டர் நம்பர் வேணும்.

ரெண்டு வழி இருக்கு

ஒன்னு நம்ம தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துற தனித்தேர்வு, ஸ்கூல் பசங்க எழுதுற அதே பேப்பர், அதே நாள். இன்னொன்னு என்ஐஓஎஸ், அதாவது மத்திய அரசோட தேசிய திறந்தநிலைப் பள்ளி, 1989ல ஆரம்பிச்சது.

என்ஐஓஎஸ்ல உள்ள பெரிய வசதி என்னன்னா கணக்கு கட்டாயம் இல்ல. ஒரு மொழியாச்சும் சேர்ந்து அஞ்சு பாடம் நாமளே எடுத்துக்கலாம், மனையியல், ஓவியம், டேட்டா என்ட்ரி அப்படியெல்லாம் கூட இருக்கு. பாஸ் மார்க் 33, ஒருதடவை சேர்ந்தா அஞ்சு வருஷம் டைம், அதுக்குள்ள ஒன்பது தடவை எழுதிப் பார்க்கலாம், வருஷத்துக்கு ரெண்டு தேர்வு, ஏப்ரல் மே ஒன்னு, அக்டோபர் நவம்பர் ஒன்னு. பத்தாவது தமிழ்லயே எழுதலாம். வீட்டுல இருந்து எழுதிக் குடுக்கிற அசைன்மென்ட்டுக்கும் மார்க் உண்டு. கட்டணம் மட்டும் நம்ம தனித்தேர்வை விட கூட.

அப்புறம் ஏன் நான் அதுல போகலன்னா எனக்குக் குரூப் 4 எழுதணும்னு ஒரு ஆசை இருந்துச்சு. மாநில அரசு வேலைல எந்தப் போர்டு சர்டிபிகேட் எதுக்குச் செல்லும்ங்கிறதுல அப்பப்போ குழப்பம் வருது, அதனால எதுக்காக பத்தாவது முடிக்கிறீங்களோ அந்த வேலையோட அறிவிப்பை எடுத்து ஒருதடவை படிச்சுப் பார்த்துட்டு வழியைத் தேர்ந்தெடுங்க. தனியார் கம்பெனி, சொந்தத் தொழில், வெளிநாடு போறதுன்னா என்ஐஓஎஸ் தாராளமாப் போதும். கணக்குன்னாலே கை நடுங்குது, வேலைல லீவும் கிடைக்காதுங்கிறவங்களுக்கு நான் அதைத்தான் சொல்லுவேன். இனிமே நான் சொல்றது எல்லாம் மாநிலத் தனித்தேர்வு பத்தி, எனக்கு நேர்ல தெரிஞ்சது அதுதான்.

பேப்பர் வேலை

டிசி. இதைத்தான் மொதல்ல தேடணும். பீரோல, டிரங்குப் பெட்டில, அம்மா வீட்டு அரிசி டப்பால எங்க வேணா இருக்கும். இல்லவே இல்லன்னா படிச்ச பள்ளிக்கூடத்துக்கே போய் ஹெட்மாஸ்டர்கிட்ட எழுதிக் குடுத்து நகல் வாங்கணும். எந்த வருஷம் சேர்ந்தீங்க எந்த வருஷம் நின்னீங்கன்னு குத்துமதிப்பாவாச்சும் சொன்னா அவங்களுக்கு ரிஜிஸ்டர்ல தேட சுளுவா இருக்கும், சும்மா போய் "நான் இங்க படிச்சேன்"னு நின்னா நாளைக்கு வா நாளான்னிக்கு வான்னுதான் ஆகும். காணாமப் போனதுக்கு என்னென்ன சான்று கேப்பாங்கன்னு மொத நாளே ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிட்டு வந்துடுங்க, ஒவ்வொன்னுக்கா நடந்தா ஒவ்வொரு நாள் சம்பளம் போகும்.

அடுத்தது பேரும் பிறந்த தேதியும். டிசில ஒரு மாதிரி, ஆதார்ல ஒரு மாதிரி இருக்கும், நம்ம ஆளுங்க முக்காவாசிப் பேருக்கு இப்படித்தான். அந்தக் காலத்துல வாத்தியார் ஜூன் மாசம் சேர்க்கறதுக்காக வயசைக் கூட்டி ஒரு தேதியைப் போட்டுட்டாரு, வீட்டுல பிறந்தது ஐப்பசின்னு சொல்லுவாங்க. இதை இப்பவே சரி பண்ணிடுங்க, தேர்வுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்னு விடாதீங்க, ஏன்னா பத்தாவது மார்க் ஷீட்டுல என்ன தேதி ஏறுதோ அதுதான் அப்புறம் பாஸ்போர்ட்டு வேலை எல்லாத்துக்கும் உங்க பிறந்த தேதி, ஏறினதுக்கு அப்புறம் மாத்தறது பெரிய அலைச்சல். இனிஷியலும் அப்படித்தான், கல்யாணம் ஆன பொம்பளைங்க ஆதார்ல வீட்டுக்காரர் இனிஷியல் வச்சிருப்பாங்க, டிசில அப்பா இனிஷியல் இருக்கும். எனக்கு டிசில இருக்கிறபடிதான் போட்டாங்க.

நான் ஒரு வருஷம் விட்ட கதை

இதைக் கொஞ்சம் நிதானமாப் படிங்க.

பத்தாவதுல அறிவியல் நூறு மார்க்குல 75 எழுத்துத் தேர்வு, 25 செய்முறை. தனித்தேர்வரா மொதல்தடவை எழுதுறவங்க செய்முறைப் பயிற்சி வகுப்புக்குப் போயே ஆகணும், 80 சதவீதம் வருகை இருக்கணும். அந்த வகுப்புக்குத் தனியா பதிவு பண்ணணும், மாவட்டக் கல்வி அலுவலகத்துல. அந்தப் பதிவு தேர்வுக்குப் பல மாசம் முன்னாடியே, பள்ளிக்கூடம் திறந்த கொஞ்ச மாசத்துலயே முடிஞ்சிடும். அதுல பதிவு பண்ணின சீட்டு இருந்தாதான் அப்புறம் டிசம்பர் ஜனவரி வாக்குல தேர்வுக்கே விண்ணப்பிக்க முடியும்.

எனக்கு இது தெரியாது. தேர்வு மார்ச் ஏப்ரல்லதானே, பொங்கலுக்கு முன்னாடி போய் பணம் கட்டினாப் போதும்னு நினைச்சுக்கிட்டு ஆறு மாசமா ராத்திரி முழிச்சுப் படிச்சிட்டு இருந்தேன். ஜனவரில அரை நாள் லீவு போட்டுட்டுப் போய் நின்னா கவுண்டர்ல இருந்த தம்பி "பிராக்டிகல் சீட்டு எங்கக்கா?"ன்னு கேட்டுச்சு. நான் என்ன சீட்டுன்னு கேட்டேன். அவ்ளோதான், அந்த வருஷம் முடிஞ்சது. வெளிய வந்து பஸ் ஸ்டாண்டுல ஒரு டீ குடிச்சிட்டு நேரா மதியம் ஷிப்ட்டுக்குப் போயிட்டேன், வீட்டுல ரெண்டு நாள் சொல்லவே இல்ல.

அதனால ஜூன் மாசத்துல இருந்தே வாரத்துக்கு ஒருதடவை டிஜிஇ.டிஎன்.ஜிஓவி.இன் அப்படிங்கிற அரசுத் தேர்வுகள் இயக்கக வெப்சைட்டைத் திறந்து பாருங்க, இல்லன்னா மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு நேர்ல போய் "தனித்தேர்வர் செய்முறைப் பதிவு எப்ப?"ன்னு கேளுங்க. இந்த வார்த்தையை அப்படியே சொல்லுங்க, சும்மா "பத்தாவது எழுதணும்"னு கேட்டா தேர்வு தேதியைச் சொல்லி அனுப்பிடுவாங்க. பேப்பர்லயும் சின்னதா செய்தி வரும், டீக்கடைல கண்ணுல பட்டாதான் உண்டு.

தேர்வு விண்ணப்பத்தை வீட்டுல இருந்து போட முடியாது, அரசுத் தேர்வுகள் சேவை மையம்னு சில பள்ளிக்கூடத்துல வச்சிருப்பாங்க, அங்க நேர்ல போகணும், போட்டோ எடுத்து ஆன்லைன்ல ஏத்துவாங்க, கட்டணம் சில நூறு ரூபாதான். தேதி தவறினா தக்கல்னு கூடுதல் கட்டணத்தோட ஒரு ரெண்டு நாள் குடுப்பாங்க, ஆனா செய்முறைச் சீட்டு இல்லன்னா தக்கலும் காப்பாத்தாது. மொதல்தடவை அஞ்சு பாடமும் எழுதுறவங்க தமிழைத்தான் மொதல் மொழியா எடுக்கணும்ங்கிறதையும் மனசுல வச்சுக்கங்க, வீட்டுல தெலுங்கு கன்னடம் பேசுறவங்க நம்ம ஊர்ல நிறைய, அவங்களுக்காகச் சொல்றேன்.

செய்முறை வகுப்புக்குப் போறப்ப ஒரு கூச்சம் இருக்கும். நான் போன பேட்ச்ல பத்தொன்பது வயசுப் பையன், ஆட்டோ ஓட்டுற அண்ணன், கோயில்ல பூக்கட்டுற அக்கா எல்லாரும் இருந்தாங்க, சார் மொத நாளே "எல்லாரும் ஏதோ ஒரு காரணத்துக்காக வந்திருக்கீங்க, நான் கேக்க மாட்டேன்"னுட்டாரு. அந்த வகுப்பை விடாதீங்க, அது வருகைக்கு மட்டும் இல்ல. எழுத்துத் தேர்வுல 75க்கு 20 எடுத்தே ஆகணும்னு ஒரு விதி இருக்கு, ஆனா செய்முறைல 15 வாங்கிட்டா அந்த 20 போதும், கூட்டினா 35 வந்துடும். செய்முறைல 20க்கு மேல வாங்கறது பெரிய விஷயம் இல்ல, ரெக்கார்ட் நோட்டை ஒழுங்கா வச்சிருந்தா.

வீடும் வேலையும்

கம்பெனில ஒன்றரை ஷிப்ட் பார்த்துட்டு வந்து சமைச்சு பாத்திரம் கழுவி முடிக்க மணி பத்தாகிடும், அதுக்கு மேல ரெண்டு மணி நேரம் படிக்கிறேன்னு நானும் பிளான் போட்டேன், மூணாவது நாளே புத்தகத்து மேலயே தூங்கிட்டேன். அப்புறம் காலைல நாலரைக்கு எந்திரிச்சு முக்கா மணி நேரம்னு மாத்தினேன், அதுதான் நின்னுச்சு. உங்களுக்கு எது சரிப்படுதோ அது, ஆனா தினமும் ஒரே நேரம் இருக்கட்டும், ஞாயித்துக்கிழமை மொத்தமா எட்டு மணி நேரம் உக்காருவேன்னு சொன்ன யாரும் உக்காந்து நான் பார்த்ததில்ல.

கண்ணாடி. நாப்பது வயசு ஆச்சுன்னா மொதல்ல போய் கண்ணை டெஸ்ட் பண்ணுங்க. மண்டைல ஏறல மண்டைல ஏறலன்னு நான் ரெண்டு மாசம் அழுதேன், படிச்சா அரை மணி நேரத்துல தலைவலி, கடைசில பார்த்தா எழுத்தே சரியாத் தெரியல. படிக்கிற கண்ணாடி போட்டதுக்கு அப்புறம் பாதி பாடம் புரிஞ்சிடுச்சு, சிரிக்காதீங்க, நிஜமாத்தான்.

வீட்டுல சொல்றதா வேண்டாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. சொல்லிடுங்க, ஒளிச்சுப் படிக்கிறது முடியாத காரியம். எங்க மாமியார் மொதல்ல "இனி படிச்சு கலெக்டர் ஆகப் போறியா"ன்னாங்க, நான் பதிலே பேசல, நவம்பர் மாசம் பார்த்தா காலைல நான் படிக்கிறப்ப அவங்களே எந்திரிச்சு டீ வச்சாங்க, ஏன்னு அவங்களும் சொல்லல, நானும் கேக்கல. பிள்ளைங்க எட்டு ஒன்பது பத்து படிக்கிறாங்கன்னா அதைவிட நல்ல டியூஷன் வேற இல்ல, என் பையன் அப்போ ஒன்பதாவது, கிராப் போட அவன்தான் சொல்லிக்குடுத்தான், தப்பாப் போட்டா அவங்க டீச்சர் மாதிரியே திட்டுவான்.

கம்பெனில லீவு கேக்கறது ஒரு சூட்சுமம். "ஒரு மாசம் எக்ஸாம்"னு சொன்னா சூப்பர்வைசர் மூஞ்சி போயிடும். தேர்வு அட்டவணை வந்ததும் அதை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டுப் போய் "அஞ்சு நாள், மதியத்துக்கு மேல வந்துடறேன்"னு சொல்லுங்க. அஞ்சு பாடம் அஞ்சு நாள்தான், நடுவுல இடைவெளி விட்டுத்தான் வைப்பாங்க, தேர்வு மதியம் ஒன்னேகாலுக்கு முடிஞ்சிடும். ஷிப்மென்ட் நேரம்னா இன்னும் முன்னாடியே சொல்லிடணும். ஒரு கம்பெனில நான் கேட்டப்ப முடியாதுன்னுட்டாங்க, சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிட்டு வேற கம்பெனிக்குப் போயிட்டேன், திருப்பூர்ல செக்கிங் தெரிஞ்சவளுக்கு வேலையா கிடைக்காது. எல்லா ஊர்லயும் இப்படி முடியாதுன்னு தெரியும், அதனால இதை அறிவுரையா எடுத்துக்காதீங்க.

35 எப்படி எடுக்கறது

நாம ஸ்டேட் பர்ஸ்ட் வாங்கப் போகல. நமக்கு அஞ்சு பாடத்துலயும் பாஸ் மார்க் 35 வந்தாப் போதும். இதை வெக்கப்படாம ஏத்துக்கிட்டாதான் படிப்பு கைக்குள்ள வரும். புத்தகத்தை மொத பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கணும்னு ஆரம்பிச்சவங்க தீபாவளிக்கு முன்னாடியே நிறுத்திடுறாங்க. பாடநூல் எல்லாம் அரசு வெப்சைட்லயே பிடிஎஃப்பா இலவசமா இருக்கு, ஆனா போன்ல படிக்காதீங்க, பக்கத்து வீட்டுப் பிள்ளை முடிச்ச புத்தகத்தை வாங்கிக்கங்க. கல்வித் தொலைக்காட்சி வீடியோவும் யூடியூப்ல இருக்கு, கணக்குக்கு அது ரொம்ப உதவி, நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம், ஸ்கூல்ல வாத்தியாரை நிறுத்த முடியுமா.

கணக்கைப் பத்தி மட்டும் விலாவாரியாச் சொல்றேன், ஏன்னா போறது அதுலதான்.

கணக்குப் பேப்பர் நூறு மார்க். பதினாலு ஒரு மார்க். ரெண்டு மார்க் பத்து எழுதணும், பதினாலு குடுப்பாங்க. அஞ்சு மார்க் பத்து எழுதணும், அதுவும் பதினாலு குடுப்பாங்க. கடைசில எட்டு மார்க் ரெண்டு, ஒன்னு ஜியோமெட்ரி வரையறது, இன்னொன்னு கிராப், ஒவ்வொன்னுலயும் ரெண்டு கேள்வி குடுப்பாங்க, அதுல ஏதாவது ஒன்னைத் தேர்ந்தெடுக்கலாம். நான் மொதல்தடவை என்ன பண்ணேன், மொத சேப்டர்ல இருந்து வரிசையாப் போட்டுக்கிட்டே வந்தேன், கடைசில இருக்கிற வரையறதுக்கு நேரமே இல்ல, தேர்வுலயும் அப்படித்தான் ஆச்சு, 29.

ஜூன்ல தலைகீழா மாத்தினேன். மொதல்ல வரையறது மட்டும். வடிவொத்த முக்கோணம், அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் குடுத்து அதோட குத்துக்கோடோ நடுக்கோடோ கோண இருசமவெட்டியோ குடுத்தா வரையற முக்கோணம், வட்டத்துக்குத் தொடுகோடு, இவ்ளோதான் ஜியோமெட்ரி, கணக்கு மாறும் ஆனா கை போற வழி ஒன்னுதான். தினமும் காலைல ஒரு படம், ஒரு மாசத்துல கை தானாப் போகும், காஜா பட்டன் பழகின கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா. மொதல்ல உதவிப்படம் ஒன்னு சின்னதா போடணும், அதுக்கும் மார்க் இருக்கு, அதை விட்டுடுறாங்க. பென்சில் கூரா இருக்கணும், காம்பஸ் ஆடாம இருக்கணும், நல்ல ஜியோமெட்ரி பாக்ஸா பார்த்து வாங்கிடுங்க, பிள்ளையோட உடைஞ்சதை எடுத்துட்டுப் போகாதீங்க.

கிராப்புல ரெண்டு வகை, இருபடிச் சமன்பாட்டு வளைவரை ஒன்னு, நேர் மாறுபாடு எதிர் மாறுபாடு இன்னொன்னு. மாறுபாடு சுளுவு, ஒன்னு கூடினா இன்னொன்னும் கூடுதுன்னா நேர்கோடு, ஒன்னு கூடினா இன்னொன்னு குறையுதுன்னா வளைஞ்சு இறங்கும். ஆள் கூடினா வேலை நாள் குறையும்கிறது நமக்குத் தெரியாதா என்ன. அச்சுக்குப் பேர் போடறது, அளவுத்திட்டம் எழுதறது, அட்டவணை போடறது, இதுக்கெல்லாம் துண்டு துண்டா மார்க் உண்டு. ரெண்டும் சேர்த்து 16ல ஒரு 13 வந்துடும்.

அடுத்து ஒரு மார்க். பாடத்துக்குப் பின்னாடி இருக்கிற ஒரு மார்க் கேள்வியைத் திரும்பத் திரும்பப் போடுங்க, எல்லாமே அதுல இருந்து வரும்னு சொல்ல மாட்டேன், பெரும்பாலும் வரும். பதினாலுக்கு ஒன்பது பத்து வாங்கிடலாம், தெரியாததுக்கும் ஏதாவது ஒன்னை எழுதிட்டு வாங்க, தப்புக்கு மார்க் குறைக்கிறது இல்ல. இப்பவே 22 கிட்ட வந்தாச்சா. மிச்சம் 13 வேணும். அதுக்கு ரெண்டு மார்க்ல கார்டீசியன் பெருக்கல், கூட்டுத் தொடர்வரிசைல இத்தனையாவது உறுப்பு கண்டுபிடிக்கிறது, வீச்சும் வீச்சுக் கெழுவும், நாணயம் பகடை நிகழ்தகவு, அஞ்சு மார்க்ல ஒரு சார்பை அம்புக்குறிப் படம், அட்டவணை, வரிசைச் சோடி, வரைபடம்னு காட்டறது. இந்தப் பேரெல்லாம் கேட்டாதான் பயம், உள்ள போனா சும்மா எண்ணை எடுத்துப் போடற வேலைதான். பீஸ் ரேட்டுக்கு டஜன் கணக்குப் போட்டு ஏஜென்ட்டு ரெண்டு ரூபா குறைச்சாக்கூட பிடிக்கிற ஆளுங்க நாம, ஏ பெருக்கல் பி-ன்னு பார்த்ததும் எதுக்கு மிரளணும். விடை வரலன்னாலும் தெரிஞ்ச வரைக்கும் எழுதுங்க, சூத்திரத்தை எழுதினாலே ஸ்டெப் மார்க் கிடைக்கும்.

மத்த பாடம் எல்லாம் சட்டுன்னு சொல்லிடறேன். தமிழ்ல பெரியவங்களுக்குத்தான் லாபம், கடிதம், படிவம் நிரப்பறது, படத்தைப் பார்த்து எழுதறது, கட்டுரை, இதெல்லாம் வாழ்க்கைல பேங்க்லயும் ரேஷன் ஆபீஸ்லயும் பண்ணினதுதான். மனப்பாடப் பாட்டையும் குறளையும் ஒரு அட்டைல எழுதி அடுப்படில ஒட்டி வைங்க. இங்கிலீஷ்ல ஒரே பேப்பர்தான் இப்ப, முன்ன மாதிரி ரெண்டு இல்ல, மனப்பாடப் பாட்டு ஒன்னு, லெட்டர் ஒன்னு, பத்திக் கேள்வி நாலஞ்சு, வாக்கியத்தை வரிசைப்படுத்தறது, இதைப் பிடிச்சுக்கிட்டாப் போதும், எழுத்துப்பிழைக்குப் பயந்து வெறுமனே விட்டுட்டு வராதீங்க. சமூக அறிவியல் புத்தகம் தலகாணி மாதிரி இருக்கும், அதுல வரைபடம் பழகுங்க, இந்தியா மேப்புல மலை ஆறு துறைமுகம் குறிக்கிறது, அப்புறம் பாடத்துக்குப் பின்னாடி இருக்கிற ஒரு மார்க், குடிமையியலும் பொருளியலும் சின்னப் பாடங்க, அதை முழுசா முடிச்சிடுங்க.

கடைசியா ஒன்னு, எழுதிப் பழகணும். இருபது வருஷமா கையெழுத்து மட்டும் போட்ட கை, மூணு மணி நேரம் எழுதச் சொன்னா மணிக்கட்டு கழண்டுடும். ஜனவரில இருந்து பழைய கேள்வித்தாளை வச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் முழுசா உக்காந்து எழுதுங்க.

தேர்வு அன்னிக்கு

ஹால் டிக்கெட்டை வெப்சைட்ல இருந்து எடுத்து ரெண்டு காப்பி வச்சுக்கங்க, ஆதாரும் கையோட இருக்கட்டும். பத்து மணிக்குக் கேள்வித்தாள் குடுத்து பத்து நிமிஷம் படிக்க விடுவாங்க, அடுத்த அஞ்சு நிமிஷம் முகப்புத்தாளைப் பார்க்கறதுக்கு, பத்தேகாலுக்குத்தான் எழுத ஆரம்பிக்கணும். அந்தப் பத்து நிமிஷத்துல எதை எழுதப் போறோம்னு மனசுல முடிவு பண்ணிடுங்க. கேட்டுல நிக்கிற வாட்ச்மேன் "பேரண்ட்ஸ் வெளிய நில்லுங்க"ன்னு சொல்லுவாரு, ஹால் டிக்கெட்டைக் காட்டிட்டு உள்ள போங்க. மாற்றுத்திறனாளியா இருந்தா எழுத ஆள் வச்சுக்கலாம், ஒரு மணி நேரம் கூடுதலாவும் கிடைக்கும், ஆனா அதை விண்ணப்பிக்கிறப்பவே மருத்துவச் சான்றோட கேட்டு வாங்கியிருக்கணும், அன்னிக்குப் போய் கேட்டா நடக்காது.

போச்சுன்னா? போன பாடத்துக்கு மட்டும் துணைத்தேர்வுக்குப் பணம் கட்டுங்க, ரிசல்ட் வந்த கொஞ்ச நாள்லயே கடைசித் தேதி வந்துடும், அழுதுக்கிட்டு ஒரு வாரம் உக்காந்தா அதுவும் போயிடும். எனக்கு 29ன்னு வந்த அன்னிக்கு சாயங்காலமே என் பையன் போன்ல தேதியைத் தேடி வச்சிட்டான்.

முடிச்சதுக்கு அப்புறம்

பத்தாவது பாஸ்னா குரூப் 4 எழுதலாம். ஐடிஐ போகலாம், அரசு ஐடிஐல ஆம்பளைங்களுக்கு 40 வயசு வரைக்கும், பொம்பளைங்களுக்கு வயசு வரம்பே கிடையாது, இது நிறைய பேருக்குத் தெரியல. வளைகுடா போறவங்களுக்கு இன்னொன்னு, பத்தாவது பாஸ் ஆனவங்க பாஸ்போர்ட்டுல ஈசிஆர் முத்திரை வராது, இல்லன்னா பதினெட்டு நாட்டுக்கு வேலைக்குப் போறதுக்கு குடியேற்ற அனுமதின்னு தனியா அலையணும். எங்க வீட்டுக்காரர் தம்பி அதுக்காகவே எழுதினாப்ல.

பிளஸ் டூ போகணும்னா வரலாறு, பொருளியல், வணிகவியல் மாதிரி செய்முறை இல்லாத குரூப்தான் நேரடித் தனித்தேர்வருக்குக் கிடைக்கும். பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2025-26ல இருந்து எடுத்துட்டாங்க, அதனால தனித்தேர்வருக்கு இப்ப நடைமுறை என்னன்னு சேவை மையத்துலயே கேட்டுக்கங்க, பழைய ஆளுங்க சொல்றதைக் கேட்டுக் கிளம்பாதீங்க. பிளஸ் டூவைத் தாண்டிக் குதிச்சு நேரா டிகிரி போட்டுத் தர்றோம்னு யாராச்சும் சொன்னா போகாதீங்க, டிஎன்பிஎஸ்சில பத்து, பிளஸ் டூ, டிகிரின்னு அந்த வரிசையிலதான் இருக்கணும். "ஒரே மாசத்துல பத்தாவது, எழுதவே வேண்டாம், பாஸ் கேரண்டி"ன்னு சுவத்துல ஒட்டியிருப்பான், எங்க பக்கத்துத் தெரு அக்கா அப்படிப் பணத்தைக் கட்டி ஒரு சர்டிபிகேட் வாங்கி வேலைல சேரப் போய், வேலை குடுத்தவங்க உண்மைத்தன்மை சரிபார்க்க அனுப்பி, போலின்னு வந்து போலீஸ் வரைக்கும் போயிடுச்சு.

ஒரிஜினல் மார்க் ஷீட் கைக்கு வந்ததும் பேரு, பிறந்த தேதி, இனிஷியல், போட்டோ எல்லாத்தையும் அங்கயே நின்னு பாருங்க, தப்பு இருந்தா அப்பவே சொல்லுங்க. பத்து ஜெராக்ஸ் எடுத்து வைங்க. சந்தோஷத்துல லேமினேஷன் மட்டும் போட்டுடாதீங்க, பின்னாடி எதுக்காவது முத்திரை வைக்கணும்னா பிரிக்க முடியாது, ஸ்டேஷனரி கடைல பிளாஸ்டிக் பைல் கவர் பத்து ரூபாய்க்குக் கிடைக்கும், அது போதும்.